காலியிடத்தில் நின்ற அம்பு

மரியகுழந்தை நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, பீடி பற்றவைக்க வராந்தாவுக்குப் போய்விட்டார். திரையில் அம்பு மட்டும் அவர் விட்ட இடத்திலேயே நின்றது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை, மவுஸிலிருந்து கையை எடுத்த பிறகு அம்பு எங்கே போகும்? ஆனால் அது நின்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. படத்தில் பார்ப்பதற்கு எவ்வளவோ இருந்தது. பச்சைக் கோடுகளாகத் தங்கச் சுரங்கத்தின் ஷாப்டுகள் செங்குத்தாகப் பாதாளத்துக்கு இறங்கின. அவற்றின் இரண்டு பக்கமும் லெவல்கள் என்கிற கிடைப்பாதைகள் கிளை பிரிந்தன. நிலம் அதிர்ந்த இடத்திலெல்லாம் ஒரு புள்ளி, சின்ன அதிர்வுக்கு மஞ்சள், பெரியதற்குச் சிவப்பு. கண்ணைப் பறிக்கிற இத்தனையையும் விட்டுவிட்டு, கருப்பாகக் கிடந்த ஒரு மூலையில் கொண்டுபோய் அம்பை நிறுத்தியிருந்தார் மனுஷர்.

கௌதம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் வந்தவரும் அங்கேதான் நிறுத்தினார். நேற்று வந்தவரும் அங்கேதான்.

மவுஸைக் குப்புறப் போட்டு மூடியைத் திருகினான். உள்ளேயிருந்து ரப்பர் உருண்டை கையில் விழுந்தது. கோலார் தங்கவயலில் பாலகாட் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது பழகிய சங்கதி. தங்கம் எடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண் மலை மலையாகக் கிடக்கிறது, காற்றடித்தால் அந்தச் சாம்பல் தூசி சோற்றுப் பானையிலும் விழும், சாமி படத்திலும் படியும், மவுஸுக்குள் நுழைய அதற்கு என்ன தடை? சட்டை முனையால் உருண்டையைத் துடைத்தான். தூசி இருந்தது. ஆனால் உருண்டை சுட்டது. வெயிலில் கிடந்த கல்லைப் போல, உள்ளுக்குள்ளிருந்து சுட்டது. ஜனவரி மாதத்தில், ஸ்வெட்டர் போட்டாலும் தோள்பட்டை நடுங்குகிற கோலார் குளிரில், அறையில் சூடான பொருள் அது ஒன்றுதான்.

"ஏன் பெரியவரே அங்க கொண்டுபோய் நிறுத்தினீங்க?" என்று வராந்தாவைப் பார்த்துக் கேட்டான்.

"நான் எங்க சார் நிறுத்துனேன்?" மரியகுழந்தை புகையை ஊதிவிட்டுத் திரும்பினார். "செவப்பா கீதே, அதாண்ட போலாம்னுதான் பாத்தேன். அதுவா இஸ்துகினு போச்சு. கை நம்ம பேச்ச கேக்கல."

"மவுஸ் பழசு. அதான்."

"இன்னாவோ சார். கையெல்லாம் வேத்துப்போச்சு. ஆழத்துல போயி கல்லு மேல கை வெச்சா சுடும் பாருங்க, அந்த மாதிரி. ரிட்டயர் ஆயி இத்தினி வருசம் ஆச்சு, இன்னும் அந்தச் சூடு மறக்கல." அவர் உள்ளங்கையை வேட்டியில் தேய்த்துக்கொண்டார். "அப்ப நான் வர்றேன் சார். பொழுது சாயறதுக்குள்ள வூடு போயி சேரணும்."

கௌதம் செய்வது என்ன ஆராய்ச்சி என்று அவனைப் பெற்ற அம்மாவுக்கே இன்றுவரை விளங்கியதில்லை. எண்களைப் படமாக்குவது, அந்தப் படத்தைப் பார்க்கிற மனிதனின் கண்ணும் கையும் எங்கே போகின்றன என்று கவனிப்பது, இவ்வளவுதான் சங்கதி. பெங்களூரில் அதற்கென்று ஒரு துறை, ஒரு பேராசிரியர், குளிர்சாதன அறையில் விலையுயர்ந்த கம்ப்யூட்டர்கள். கௌதம் இந்த ஊரிலேயே பிறந்தவன். அப்பா மண்வாரி இயந்திரங்கள் செய்யும் பெரிய தொழிற்சாலையில் இன்ஜினியர், அதனால் வளர்ந்தது வேலி போட்ட குவார்ட்டர்ஸில். சுரங்கத் தொழிலாளிகள் குடியிருந்த ஸ்கெலட்டன் லைன் பிள்ளைகளோடு அவன் பந்து விளையாடியதில்லை. ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டான கேஜில் ஒரு தடவைகூட ஏறிக் கீழே போனதில்லை. ஆனால் கீழே இருப்பதைப் படமாக வரைந்து காட்டுவதில் அவனை அடிக்க ஆளில்லை என்று பெயர் வாங்கிவிட்டான்.

இந்த வருஷம் சுரங்கத்தையே மூடிவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அதற்குள் கடைசிச் சோதனையை முடிக்க வேண்டும். பழைய தொழிலாளிகளை இந்தத் தகரக் கூரை வீட்டில் ஒவ்வொருவராக உட்காரவைத்து, எந்த இடம் ஆபத்தாகத் தெரிகிறதோ அங்கே அம்பைக் கொண்டுபோங்கள் என்று சொல்லுவான், அம்பு போன பாதையைக் கம்ப்யூட்டர் பதிந்துகொள்ளும். முடிவுகளைச் சேர்த்துக் கொடுத்தால் டாக்டர் பட்டம். பட்டம் வந்தால் வெளிநாட்டில் வேலை காத்திருந்தது. அவர்கள் அவனை அழைத்ததே, வேண்டாத அதிர்வுகளை நீக்க அவன் உருவாக்கிய வடிகட்டியைப் பற்றி எழுதிய கட்டுரையைப் படித்துத்தான்.

அவன் உருண்டையை உள்ளே போட்டு மூடினான். இந்த வாரம் வந்தவர்கள் எல்லோருடைய பாதைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஆளுக்கு ஒரு நிறம் கொடுத்தான். வயதானவர்கள், மவுஸை முதன்முதலாகப் பிடிப்பவர்கள், கோடுகள் கோழி கிளறியது போல இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தான்.

கோடுகள் எல்லாம் ஒன்றாக இருந்தன. தரைமட்டத்தில் ஷாப்டின் வாயில் தொடங்கி, பச்சைக் கோட்டை விட்டு விலகாமல் நேராகக் கீழே இறங்கி, ஒரே லெவலில் திரும்பி, சற்று நடந்து, வளைந்து, மறுபடி நடந்து, அந்தக் கருப்பு மூலையில் நின்றிருந்தன. வேலைக்குப் போகிறவன் போகிற வழி அது. இத்தனை பேரும், ஒருவரை ஒருவர் பார்க்காமல், கௌதமின் படத்துக்குள் ஷிப்டுக்குப் போயிருக்கிறார்கள்.

 அந்த மூலையில் என்ன இருந்தது என்று உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஏர்பிளாஸ்ட். ஆழத்தில் பாறை தாங்கமாட்டாமல் வெடித்துச் சிதறுவதற்கு ஊரில் அதுதான் பெயர், வீடுகளில் தட்டுமுட்டுச் சாமான்கள் குலுங்கும், பெண்கள் வாசலுக்கு ஓடிவந்து ஷாப்ட் இருக்கிற திசையைப் பார்த்து நிற்பார்கள். அன்றைக்கு ஒரு லெவலில் பாதை மூடிக்கொண்டது. அந்தப் பக்கம் நேசமணி என்ற மேஸ்திரியும் அவனோடு இன்னும் மூன்று பேரும். தோண்டப் போனால் மேலும் சரியும், போகிறவர்களும் மாட்டுவார்கள். உயிரோடு யாராவது இருக்கிறார்களா என்று தெரிந்தால் எப்படியும் தோண்டிவிடலாம் என்று எல்லோரும் துடித்தார்கள். அதிர்வு கேட்கும் கருவிகளைப் பாறைக்குள் புதைத்து, அவற்றின் எண்களைப் படமாக்கிக்கொண்டிருந்த கௌதமைக் கூப்பிட்டார்கள். அவன் படத்தைத் திறந்து காட்டினான். அந்த மூலை சுத்தமாக இருந்தது.

சுத்தமாகத்தானே இருக்கும்? மோட்டார், பம்பு, டிரில், இவை போடுகிற சத்தம் சீராக இருக்கும், பாறை உடைகிற சத்தம் சீராக இருக்காது. ஆகவே சீரான அதிர்வு எதுவானாலும் இயந்திரம், அழித்துவிடு. இதுதான் அவனுடைய வடிகட்டி, இதைத்தான் கை தட்டிப் பாராட்டினார்கள். அங்கே ஒன்றும் அசையவில்லை என்று அவன் சொன்னான். லெவலுக்குச் சுவர் வைத்து அடைத்தார்கள்.

ஒரு மாதம் கழித்துக் கட்டுரை எழுத உட்கார்ந்தபோதுதான், வடிகட்டி அழித்தவற்றை அவன் முதன்முதலாக எடுத்துப் பார்த்தான். அந்த மூலையில் புள்ளிகள் நெல் கொட்டியது போலக் கிடந்தன. மூன்று தட்டல், ஒரு இடைவெளி. மூன்று தட்டல், ஒரு இடைவெளி. நாள் கணக்கில். கடைசியில் இடைவெளி நீண்டு, தட்டல் மெலிந்து, நின்றுபோயிருந்தது. பம்பாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். ஏர்பிளாஸ்டில் கேபிள் அறுந்து, அந்தப் பக்கம் ஒரு விளக்குகூட எரியவில்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கே எல்லாப் புள்ளிகளையும் கம்ப்யூட்டரிலிருந்து நிரந்தரமாக நீக்கினான். கட்டுரை நன்றாக வந்தது.

அவன் கோடுகளை மூடிவிட்டுக் கம்ப்யூட்டரை அணைக்கக் கை நீட்டியபோது வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது.

"சார், கீறீங்களா?"

வாசலில் நின்றவளைப் பார்த்ததும் நீட்டிய கையை அவன் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். ஐடா. நேசமணியின் மனைவி. அப்போதைவிட இளைத்திருந்தாள், தலையில் முக்காடாகப் போட்ட ஷால், கையில் டிபன் கேரியர் வைக்கிற பிளாஸ்டிக் கூடை. தினமும் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்குத் தையல் வேலைக்குப் போய் வருகிறவர்களில் அவளும் ஒருத்தி.

"மரியகுழந்தை அண்ணன் வழியில பாத்து சொன்னாரு, இங்க படம் காட்டி இன்னாவோ கேக்கறாங்கன்னு. நாளைக்கு வேலைக்குப் போவணும். இன்னிக்கே நானும் பாத்துட்டுப் போயிடறேனே."

"இது கீழ வேலை செஞ்சவங்களுக்குத்தான்க்கா. பொம்பளைங்களுக்கு..."

"கீழ போனவரு திரும்பி வரல. அவருக்குப் பதிலா நான் பாக்கறேன்."

மறுக்க வழியில்லை. அவள் உட்கார்ந்தாள். திண்டாடுவாள், மவுஸை எப்படிப் பிடிப்பது என்று கேட்பாள், ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிவிடலாம் என்று அவன் நினைத்தான். அவள் எதுவும் கேட்கவில்லை. கையை வைத்ததும் அம்பு கிளம்பிவிட்டது. ஷாப்டின் வாய். நேராகக் கீழே. லெவலில் திரும்பியது. நடந்தது. வளைந்தது. நின்றது.

வெளியே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு அப்பால் சயனைடு மேட்டின் உச்சியில் மட்டும் கொஞ்சம் வெயில், எங்கோ கோயில் ஒலிபெருக்கியில் கன்னடப் பாட்டு, ராபர்ட்சன்பேட்டை பஸ் இரைந்துகொண்டு மேடேறியது.

"சார்," என்றாள் ஐடா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அன்னிக்கு ஆபீஸ்ல நீங்கதான இந்தப் படத்தக் காட்டுனீங்க?"

"ஆமாக்கா."

"அங்க ஒண்ணும் அசையல, ஒரே நொடியில போயிட்டாங்க, கஷ்டப்படலன்னு எங்கிட்ட தனியா கூப்ட்டு சொன்னீங்க."

"ஆமா."

"அத கெட்டியா புடிச்சிகினுதான் இத்தினி நாளா தூங்கறேன்." அவள் விரல் அந்தக் கருப்பு மூலையைத் தொட்டது. கண்ணாடி படபடவென்று பொரிந்தது. "இங்க இன்னா சார் கீது? எங்கை ஏன் இங்க வருது?"

சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷத்தில் வாயைத் திறந்திருந்தால் வார்த்தை வந்திருக்கும், தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. அவள் அழுதிருப்பாள், அறைந்திருப்பாள், ஊரைக் கூட்டியிருப்பாள். பட்டம் போயிருக்கும், வெளிநாடு போயிருக்கும். அவ்வளவுதான் போயிருக்கும். கௌதம் கணக்குப் போட்டான். கெட்டிக்காரன், கணக்கு சீக்கிரம் முடிந்தது.

"ஒண்ணுமில்லக்கா. வெறும் கல்லு."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஐடா திரும்பி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமில்லை அந்தப் பார்வையில். சந்தையில் தராசைப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தாள்.

"எங்க வூட்டுக்காரு வேல முடிஞ்சி வந்தா கதவ மூணு தட்டு தட்டுவாரு. கேஜ் பழக்கம் சார். கல்லு ஏத்துனா ஒரு கணக்கு, ஆளு ஏறுனா மூணு. உள்ள கீறது மனுசன், பாத்து எறக்குன்னு மேல இருக்கறவனுக்கு சொல்றது. மூணு தட்டுனா ஆளு. எங்க லைன்ல சின்னப்புள்ளைக்குக்கூட அது தெரியும்." அவள் எழுந்து ஷாலை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஒரு வாரமா எங்க வூட்டுக் கதவ யாரோ தட்டறாங்க. மூணு தட்டு. தொறந்தா யாருமில்ல. என்னாண்ட இன்னா கேக்கறாருன்னு புரியாமத்தான் வந்தேன்."

கௌதம் மேசையில் கிடந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினான். 

"இப்ப நீங்க சத்தியமே பண்ணிட்டீங்க. இனிமே எங்கிட்ட வரமாட்டாரு." வாசல்படியில் நின்று செருப்பை மாட்டினாள். "எங்க தட்டணும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். நான் போயிட்டு வர்றேன்னு சொல்ல மாட்டேன் சார். போறேன்."

அவள் காலடிச் சத்தம் சரளைக் கல்லில் தேய்ந்து மறைந்தது. அவன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். போட்ட பிறகு தன்மேலேயே எரிச்சல் வந்தது. படித்தவன், இன்னும் பொழுதுகூட முழுதாகச் சாயவில்லை, புருஷனைப் பறிகொடுத்தவள் மனம் நொந்து ஏதோ சொல்லிவிட்டுப் போகிறாள், அதற்குப் போய் இப்படியா? முகம் கழுவிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்து அப்பா வீட்டுக்குப் போய்விடலாம். நாளைக்கே பெங்களூர்.

குழாயைத் திறந்தான். தண்ணீர் வெந்நீராக வந்தது.

மூடினான். ஸ்வெட்டருக்குள் வியர்த்தது. அறையில் ஏதோ வாடை. ஈரக்கல்லும், எரிந்த வெடிமருந்தும், பல நாள் ஒரே இடத்தில் அடைந்து கிடந்த மனித உடம்பின் நெடியும் சேர்ந்த வாடை, மூச்சை இழுக்க இழுக்க நெஞ்சில் துணி அடைத்ததுபோல இறங்கியது. ஜன்னலைத் திறக்கலாம் என்று போனவன் பாதியில் நின்றான். கோயில் பாட்டு கேட்கவில்லை. நிறுத்தியிருப்பார்கள். நாய் குரைக்கவில்லை. பஸ் இல்லை, காற்று இல்லை, எதிர்வீட்டில் இந்நேரம் சண்டைபோடும் மாமியாரும் மருமகளும் இல்லை. தகரக் கூரை குளிரத் தொடங்கும்போது போடும் சடசடப்புகூட இல்லை. ஒவ்வொன்றாக யாரோ பொறுக்கி எடுத்து அப்புறப்படுத்திவிட்டது போல, கேட்பதற்கு ஒன்றுமே மிச்சமில்லாமல் இருந்தது.

அப்போது கதவு தட்டப்பட்டது.

மூன்று தட்டு.

"யாரு? ஐடாக்காவா?"

பதிலில்லை. இரும்பை இரும்பில் தட்டிய சத்தம். ஆனால் கதவு மரக்கதவு.

காலடியில் தரை லேசாக ஆடியது. ஏர்பிளாஸ்ட் என்றுதான் முதலில் நினைத்தான், பழக்கத்தில் கை மேசையைப் பிடித்துக்கொண்டது. அதிர்வு அடங்க வேண்டும். அடங்கவில்லை. வயிறு மேலே எழும்பித் தொண்டையில் வந்து நின்றது. காது இரண்டும் அடைத்துக்கொண்டன. எச்சிலை விழுங்கினான், திறந்தன, மறுபடி அடைத்தன. மேசைமேல் இருந்த தம்ளரில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது.

இறங்குகிறோம் என்று அவன் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. மூளைதான் ஒத்துக்கொள்ள மறுத்தது.

ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே இருட்டு. இருட்டுக்குள் ஏதோ மேல்நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. ஈரமாக. மிக அருகில். பாறை. பாறை. பாறை. நடுவில் ஒரு பொந்து, பொந்தில் ஒரு மங்கிய விளக்கு, விளக்கின் கீழே உட்கார்ந்திருந்த யாரோ தலையைத் திருப்புவதற்குள் அதுவும் மேலே போய்விட்டது. மறுபடி பாறை.

திரையைப் பார்த்தான். பச்சைக் கோட்டில் அவன் வரையாத ஒரு வெள்ளைச் சதுரம். ஷாப்ட் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு லெவல் தாண்டியது. இன்னொரு லெவல்.

பாய்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கினான். பேட்டரியையும் பிடுங்கினான். ஒயர் கையோடு வந்தது. திரை அணையவில்லை.

"நான் சொல்றேன்!" என்று கத்தினான். "எல்லார்கிட்டயும் சொல்லிடறேன்! தட்டினது நீங்கதான்னு எனக்குத் தெரியும்! சொல்லிடறேன்!"

சதுரம் இறங்கியது. வெப்பம் ஏறியது. சுவரில் சுண்ணாம்பு வியர்த்து வழிந்தது. ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்தான். சட்டையை எறிந்தான். கூரைத் தகரம் நெளிந்து முனகியது. மேலே எவ்வளவு கல் என்று அவனுக்குத் தெரியும். அவன் வரைந்த படம்தானே.

சதுரம் லெவலில் திரும்பியது. நகர்ந்தது. வளைந்தது.

நின்றது.

தண்ணீர் தம்ளர் அசைவற்று நின்றது. கௌதம் தாழ்ப்பாளை நீக்கிக் கதவை இழுத்தான். கதவு திறந்தது. வாசலில் வாசல் இல்லை. நெற்றியில் இடிக்கிற தூரத்தில் கரும்பாறை, வெந்நீர் கசிந்துகொண்டு, கை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்கிற சூட்டில். ஜன்னலிலும் அதுவே. பின்கதவிலும் அதுவே.

விளக்கு போனது. திரை வெளிச்சம் மட்டும்.

ஒரு பேச்சும் இல்லை. ஆனால் அறையில் மூச்சு இருந்தது. அவனுடையது ஒன்று. மூலையில் இன்னொன்று. அலமாரிப் பக்கம் இன்னொன்று. முதுகுக்குப் பின்னால், கழுத்து மயிர் அசைகிற நெருக்கத்தில், இரண்டு. அவசரமில்லாத மூச்சு. காற்றை மிச்சம்பிடித்து இழுக்கப் பழகியவர்களின் மூச்சு.

அவன் மேசைக்கடியில் தடவினான். ஒரு இரும்புத் துண்டு அகப்பட்டது, மேசைக்கால் கழன்று வந்ததோ என்னவோ. பாறையில் ஓங்கி அடித்தான். கண்மண் தெரியாமல் அடித்தான். திரையில் ஒன்றும் வரவில்லை. பிறகு நினைவு வந்தது. மூன்று தட்டினான்.

திரையில், கருப்பு மூலையில், மூன்று மஞ்சள் புள்ளிகள் முளைத்தன.

தெரிந்தது! மேலே தெரிகிறது! யாராவது பார்ப்பார்கள். பார்த்தால் தோண்டுவார்கள். அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மறுபடி மூன்று. இன்னும் மூன்று புள்ளிகள். மறுபடி மூன்று.

அம்பு அசைந்தது. மவுஸ் தரையில் கவிழ்ந்து கிடந்தது, யாரும் அதைத் தொடவில்லை. அம்பு நிதானமாக வந்து, புள்ளிகளைச் சுற்றி ஒரு கட்டம் போட்டது. ஒரு கணம் காத்தது. புள்ளிகள் போய்விட்டன. மூலை சுத்தமாக இருந்தது.

தட்டினான். வந்தன. போயின.

தட்டினான். வந்தன. போயின.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தோள் விட்டுப்போனது. விரல்கள் பிளந்து இரும்பு வழுக்கியது. போதும் என்று சுவரோரம் சரிந்தான். இரும்பு கையிலிருந்து விழுந்து உருண்டது. கண்ணை மூடிக்கொண்டால் போதும், காற்று தீர்ந்துவிடும், சீக்கிரம் முடிந்துவிடும்.

பக்கத்தில் யாரோ குந்தி உட்கார்ந்தார்கள். எலும்பு சொடுக்கும் சத்தம். வியர்வையில் நனைந்த ஒரு கை இருட்டில் தடவி வந்து, அவன் மணிக்கட்டைப் பற்றியது. கொதிக்கிற கை. காய்த்துப்போன உள்ளங்கை. இன்னொரு கை இரும்பைத் தேடியெடுத்து அவன் விரல்களுக்கு நடுவே வைத்து, ஒவ்வொரு விரலாக மடக்கி மூடியது. மூன்றாவது கை அவன் முகவாயைப் பிடித்துத் திரையின் பக்கம் திருப்பியது. கண்ணிமைகளை இரண்டு கட்டைவிரல்கள் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டன.

மணிக்கட்டை உயர்த்தினார்கள். பாறையில் இறக்கினார்கள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

புள்ளிகள் வந்தன. அம்பு வந்தது. மூலை சுத்தமானது.

மணிக்கட்டை மறுபடி உயர்த்தினார்கள்.